வெள்ளத்தின் கணக்கறிந்த பறவைகள்

எகிப்து தேசத்தில் சக்காரா என்னும் மயான பூமியில், ஐந்தாம் வம்சத்து மன்னர்களிடம் உயர்ந்த உத்தியோகம் வகித்த டி என்னும் பிரபுவின் சமாதி இருக்கிறது. சுமார் 4,400 ஆண்டுகளுக்கு முன் எழுப்பப்பட்ட அச்சமாதியின் சுவர்களில், உழவும் அறுவடையும் மீன்பிடியும் படகு கட்டுதலுமாக அந்நாளைய வாழ்க்கை முழுவதும் புடைப்புச் சிற்பங்களாக விரிந்து கிடக்க, அவற்றின் நடுவே நீண்ட கால்களும் நீண்ட கழுத்துமுடைய பறவைகளை ஆட்கள் கூட்டமாக ஓட்டிச் செல்வதும், அவற்றின் கழுத்தைப் பிடித்து வாயில் மாவுருண்டைகளைத் திணிப்பதும் மிக நுட்பமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. விருந்துக்கு அறுப்பதற்கு முன் கொழுக்க வைப்பதற்காக நடந்த உபசாரம் அது. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து நைல் நதிக்கரைக்கு வந்து இறங்கிய பெருங்கொக்குகளே அப்பறவைகள். கொக்கைப் பிடித்து வீட்டு முற்றத்தில் வைத்துக்கொள்ளும் ஆசை ஆப்பிரிக்காவில் நேற்று முளைத்ததன்று. அந்த ஆசை இன்று அப்பறவைகளை எந்த நிலையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் விஷயங்களில் ஒன்று.

கொக்கு என்றதும் வயல்வரப்பில் ஒற்றைக்காலில் நிற்கும் வெள்ளைப் பறவையே தமிழ் வாசகரின் மனக்கண்முன் தோன்றும். நாம் பேசப்போவது அதனோடு உறவு கொண்டாடாத வேறொரு குடும்பத்தை. வட இந்தியாவின் கழனிகளில் ஏறத்தாழ ஆளுயரம் நின்று, ஜோடியாகவே திரியும் சாரசப் பறவையின் குடும்பத்தை. வயல்கொக்கு பறக்கும்போது கழுத்தை மடக்கிக்கொள்ளும்; பெருங்கொக்கோ கழுத்தை முன்னே நீட்டியவாறே பறக்கும். உலகம் முழுவதும் தேடினாலும் 15 இனங்களுக்கு மேல் இல்லாத இக்குடும்பத்தில் நான்கு இனங்கள் ஆப்பிரிக்காவுக்கே உரியவை. வலசையாக வந்துபோகும் இனங்கள் வேறு இரண்டு உண்டு. அவற்றுள் ஒன்று, நம் ராஜஸ்தானத்துக்குப் பனிக்காலத்தில் வரும் குர்ஜாப் பறவை. மொராக்கோவின் அட்லஸ் மலைநாட்டில் ஒரு காலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவந்த அதன் சிறு கூட்டம் சென்ற நூற்றாண்டிலேயே இல்லாமற்போயிற்று.

சொந்த இனங்கள் நான்கினுள் இரண்டு, முடிக்கொக்குகள் எனத்தக்கவை. கிழக்கிலும் தெற்கிலும் வாழ்வது சாம்பல் முடிக்கொக்கு; சஹாராப் பாலைக்குத் தெற்கே செனகலிலிருந்து எத்தியோப்பியா வரையில் ஒரு பட்டையாகப் பரவியிருப்பது கருமுடிக்கொக்கு. தென்னை ஈர்க்குகளைக் கட்டி விரித்து வைத்தாற்போலத் தலைக்குமேல் நாற்புறமும் விறைத்து நிற்கும் பொன்னிற இறகுக் குச்சிகளும், கருமையான நெற்றியும், வெளுத்த கன்னமும், மோவாய்க்குக் கீழே தொங்கும் சிவந்த சதையுமாக, ஒரு மீட்டர் உயரத்தில் நிதானமாக நடந்துவரும் சாம்பல் முடிக்கொக்கைப் பார்த்தவர்கள் அதற்கு ராஜ மரியாதை அளித்ததில் வியப்பொன்றுமில்லை. ஆனால் அழகைக் காட்டிலும் அதன் பழமையே அதிக விசேஷமுடையது என்பது நம் அபிப்பிராயம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாகாணத்தில், ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பல் பொழிந்து மூடிய ஒரு பழைய நீர்நிலையில், காண்டாமிருகங்களும் ஒட்டகங்களும் குதிரைகளும் புதைந்து கிடந்த அதே சாம்பலினடியில் முடிக்கொக்கின் எலும்புகளும் அகப்பட்டிருக்கின்றன. வடகண்டங்களிலெல்லாம் சஞ்சரித்த இவ்வம்சம், பூமி குளிரத் தொடங்கியபோது குளிர் பொறுக்காமல் அங்கெல்லாம் மறைந்து, வெப்பம் மாறாத ஆப்பிரிக்காவில் மட்டும் எஞ்சியது.

அந்தப் பழமையின் அடையாளங்கள் அதன் உடம்பிலேயே இருக்கின்றன. மற்றப் பெருங்கொக்குகளுக்குப் பின்விரல் குறுகி, தரைக்குமேல் உயர்ந்து, எதையும் பற்ற உதவாததாகப் போய்விட்டது. முடிக்கொக்குகளுக்கோ அது நீண்டு, கிளையை இறுகப் பிடிக்கும் வலிமையோடு இருப்பதால், இக்குடும்பத்தில் இவை மட்டுமே இரவில் மரமேறி உறங்குகின்றன. மற்றவற்றுள் பெரும்பாலானவற்றின் மூச்சுக்குழல் மார்பெலும்புக்குள் புகுந்து வளைந்து சுருண்டு வெளியேறுவதால் அவற்றின் அழைப்பு பல மைல் தூரம் கேட்கும் கம்பீரம் பெற்றிருக்கிறது. முடிக்கொக்கின் மூச்சுக்குழலில் அத்தகைய வளைவு இல்லை. எனவே அதன் குரல் தாழ்ந்த முழக்கம் ஒன்றோடு நின்றுவிடும். இரை தேடுவதில் அதற்கு ஒரு தந்திரம் உண்டு: புல்லில் நடந்துகொண்டே காலால் தரையைத் தட்டும், அதிர்ந்து வெளிப்படும் பூச்சிகளைக் கொத்தும். மேயும் கால்நடைகளின் பின்னே அது நடப்பதும் இதே காரணம் பற்றியே. புல்விதை, தானியம், தவளை, புழு என்று கிடைத்ததை உண்ணும் இச்சுபாவம் அதற்குப் பெரும் வரமாகவே நெடுங்காலம் இருந்தது.

நடனத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இப்பறவைக்கு அநியாயம் செய்ததாகும். தலையை மேலும் கீழும் அசைத்து, சிறகை விரித்துக் குனிந்து, திடீரென்று தரையை விட்டு எழும்பிக் கால்கள் தொங்க மீண்டும் இறங்கி, அலகால் புல்லையோ குச்சியையோ பறித்து மேலே வீசி ஆடும் இவ்வாட்டம் துணை தேடும் பருவத்துக்கு மட்டும் உரியதன்று. குஞ்சுப் பருவம் கடந்த இளம் பறவைகளும் ஆடும், ஜோடி சேர்ந்து பல ஆண்டுகள் வாழ்ந்த கிழப் பறவைகளும் ஆடும், ஒன்று தொடங்கினால் கூட்டம் முழுவதும் சேர்ந்துகொள்ளும். துணையைக் கவர்வது, ஜோடியின் பந்தத்தை உறுதிப்படுத்துவது, பூசலைத் தணிப்பது என்று சாஸ்திரக்காரர்கள் இதற்குப் பல பிரயோஜனங்களைக் கற்பிக்கிறார்கள். அவையெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனந்தம் என்னும் காரணத்தைப் பட்டியலில் சேர்க்க அவர்களுக்கு ஏன் அத்தனை கூச்சமோ தெரியவில்லை.

1962ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் தேதி யுகாண்டா சுதந்திரம் பெற்றபோது, கறுப்பும் மஞ்சளும் சிவப்புமான அதன் கொடியின் நடுவில் ஒரு காலைத் தூக்கி நின்றது இப்பறவைதான். அந்நாட்டின் கால்பந்துக் குழுவுக்கும் இதன் பெயரே. பகாண்டா மக்களின் குலங்களுள் ஒன்றுக்கு இதுவே குலச்சின்னமாதலால் அக்குலத்தார் இதற்குத் தீங்கு செய்வதில்லை. இத்தனை அபிமானமும் இருந்தும், 1985ஆம் ஆண்டு வாக்கில் கண்டம் முழுவதும் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்ததாக மதிக்கப்பட்ட சாம்பல் முடிக்கொக்கு, இருபதே ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 2012இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழியும் அபாயத்துக்குள்ளான இனமென்று பதிவு செய்தது. மரத்தில் உறங்கினாலும் அது கூடு கட்டுவது சதுப்பு நிலத்து உயர்ந்த புல்லுக்கும் கோரைக்கும் நடுவில், தண்ணீர் சூழ்ந்த இடத்தில்தான். இரண்டு முதல் நான்கு முட்டை வரையில் இட்டு, ஆணும் பெண்ணும் முறைவைத்து ஒரு மாதம் அடைகாத்து, நரியும் நாயும் நெருங்கமுடியாத அந்த நீர்வேலிக்குள் குஞ்சுகளை வளர்க்கும். கிழக்கு ஆப்பிரிக்க மலைநாட்டில் அத்தகைய சதுப்புகள் பெரியவையல்ல. இரண்டு குன்றுகளுக்கு இடையே ஒரு ஜோடிக்குப் போதுமான ஈரப்பள்ளம், அடுத்த பள்ளத்தாக்கில் இன்னொன்று, அவ்வளவுதான். ஜனத்தொகை பெருகப்பெருக அப்பள்ளங்களில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து உருளைக்கிழங்கும் சோளமும் பயிரிட்டார்கள். செங்கல்லுக்கு மண் எடுத்தார்கள். தைல மரம் நட்டார்கள். ஏழைக் குடியானவனை இதற்காக நிந்திக்க நமக்கு மனம் வரவில்லை. வறட்சியிலும் ஈரம் காயாத நிலம் அது ஒன்றுதான். கூட்டை இழந்த கொக்கு அதே வயலில் முளைவிட்ட சோளத்தைக் கிண்டித் தின்னும்போது, விதையோடு விஷத்தைக் கலந்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இனி, ருவாண்டாவின் கதை. பூந்தோட்டமுள்ள வீடுகளிலும் விடுதிகளிலும் உலாவுவதற்கு இரண்டு கொக்குகள் இருந்தால் அது அந்தஸ்துக்கு அறிகுறி என்று அந்நாட்டில் ஒரு வழக்கம் பரவியிருந்தது. சதுப்பு நிலத்தில் குஞ்சைப் பிடித்து விற்றால் ஏழைப் பையனுக்குச் சில நாட்களுக்கான சாப்பாடு கிடைக்கும். வாங்கியவர் அது பறந்துவிடாதபடி சிறகை நறுக்குவார், சிலர் சிறகின் மூட்டையே முறிப்பார்கள். அடைபட்ட இடத்தில் முடிக்கொக்கு சந்ததி பெருக்குவது அபூர்வமாதலால், ஒன்று இறந்தால் இன்னொன்றைச் சதுப்பிலிருந்தே கொண்டுவரவேண்டியிருந்தது. இவ்வாறு, வெறுத்தவர் ஒருவரும் இல்லாத நாட்டில், விரும்பியவர்களாலேயே அப்பறவை சில நூறாகக் குறைந்தது.

கொரில்லாக் குரங்குகளுக்கு வைத்தியம் பார்க்கும் குழுவில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றிய ஒலிவியே ந்செங்கிமானா என்னும் இளைஞர் இக்காரியத்தை எடுத்துக்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. கொக்கு வைத்திருப்பவர்களைக் குற்றவாளிகளாகப் பிடிக்கும் வழியை அவர் நாடவில்லை. தாமாகவே தெரிவித்து ஒப்படைப்பவர்களுக்குத் தண்டனை இல்லை என்று அரசாங்கத்தின் ஒத்துழைப்போடு வானொலி மூலம் அறிவிக்கச் செய்தார். ஒவ்வொரு வீடாகச் சென்று பறவைகளைப் பரிசோதித்துக் காலில் வளையமிட்டுக் கணக்கெடுத்த பின், நோயற்றவற்றைச் சேர்த்து, நாட்டின் கிழக்கெல்லையிலுள்ள அககேரா தேசியப் பூங்காவுக்குக் கொண்டுபோய், புதிய இறகு முளைத்துப் பறக்கும் சக்தி திரும்பும் வரையில் அங்கே ஒரு வேலிக்குள் வைத்துப் பிறகு விடுவித்தார்கள். வீடுகளிலிருந்து மீட்கப்பட்டவை 200க்கு மேல். சிறகெலும்பு முறிந்துபோய் இனி ஒருநாளும் பறக்கமுடியாதவற்றுக்காகத் தலைநகர் கிகாலியிலேயே, சீரழிந்து கிடந்த ஒரு சதுப்பைத் திருத்தி, உமுசாம்பி கிராமம் என்னும் சுமார் 20 ஹெக்டேர் பரப்புள்ள சரணாலயம் அமைத்தார்கள். 2021 முதல் பொதுமக்கள் அங்கே சென்று பார்க்கலாம். 2017இல் நாடு முழுவதும் எண்ணியபோது 487 கொக்குகள் இருந்தன. ஐந்து ஆண்டுகளுக்குள் அத்தொகை ஆயிரத்தைக் கடந்தது. உள்ளூர் வாலிபர்களையே சதுப்புக் காவலர்களாக அமர்த்திச் சம்பளம் கொடுத்ததும், பள்ளிப் பிள்ளைகளுக்குப் படக்கதைப் புத்தகங்கள் வழங்கியதும் இந்த வெற்றிக்குத் துணைக் காரணங்கள். நம் எண்ணத்தில் முதற்காரணம், செல்வர்களுக்குத் தலைகுனிவு நேராதபடி தவற்றைத் திருத்திக்கொள்ள அவர் வகுத்த உபாயமே.

கருமுடிக்கொக்கின் விஷயமும் இதைப் போன்றதே. ஆனால் அங்கே இன்னும் இப்படிப்பட்ட திருப்பம் நேரவில்லை. மாலி நாட்டில் நைஜர் நதியின் உள்நாட்டுக் கழிமுகத்தை அடுத்த ஊர்களில் இதை வீட்டுப் பறவையாக வளர்ப்பது பரம்பரை வழக்கம். அதன்மேல் வெளிநாட்டு வியாபாரமும் சேர்ந்துகொண்டது. நைஜீரியா இதைத் தேசியப் பறவையாகக் கொண்டாடுகிறது. அந்நாட்டின் திறந்த வெளிகளிலோ இது காண்பதற்கு அரிதாகிவிட்டது. 2019இல் நடந்த சர்வதேச வனவிலங்கு வர்த்தக மாநாட்டில் இதன் வியாபாரத்தை அடியோடு தடுக்கும் முதல் அட்டவணையில் இது சேர்க்கப்பட்டது.

இவ்வினம் இன்றும் பெருந்தொகையாக வாழும் இடம் தெற்கு சூடானின் சுத் என்னும் சதுப்புப் பெருவெளி. வெள்ளை நைல் நதி கரை தெரியாமல் பரந்து, பாப்பிரஸ் கோரைக்காடுகளில் வழி தவறித் திரிந்து, தன் தண்ணீரில் பாதியை வெயிலுக்குக் கொடுத்துவிட்டு வெளியேறும் பிரதேசம் அது. அந்த நீர் வீணாகிறதே என்று பொருமியவர்கள், சதுப்பைச் சுற்றிக்கொண்டு நேராக வடக்கே செல்லும்படி ஜோங்லி கால்வாய் என்னும் 360 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு வாய்க்காலை 1978இல் தோண்டத் தொடங்கினார்கள். சுமார் 240 கிலோமீட்டர் தோண்டியாயிற்று. அதற்குள் உள்நாட்டுப் போர் மூண்டு, 1984இல் வேலை நின்றது. பிரம்மாண்டமான அந்த மண்வெட்டி யந்திரம் தோண்டிய பள்ளத்தின் முனையிலேயே துருப்பிடித்துக் கிடக்கிறது. லட்சக்கணக்கான மனிதர்களைப் பலிகொண்ட போரைச் சதுப்பின் ரட்சகன் என்று சொல்ல நா எழவில்லை. போர் நடக்காதிருந்தால் சதுப்பு சுருங்கியிருக்கும் என்பதை மறுக்கவும் வழியில்லை.

தெற்கே போவோம். நீலக்கொக்கு தென்னாப்பிரிக்காவின் தேசியப் பறவை. அந்நாட்டின் 5 சென்ட் நாணயத்தில் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. நமீபியாவில் எட்டோஷா உப்புவெளியைச் சுற்றி வாழும் சில பத்துப் பறவைகளை ஒதுக்கிவிட்டால், உலகிலுள்ள நீலக்கொக்குகள் ஏறக்குறைய எல்லாம் அந்த ஒரு தேசத்துக்குள்ளேயே அடங்கிவிடும். உடம்பு முழுவதும் வெளிறிய சாம்பல்நீலம். வாலென்று நாம் எண்ணுவது வாலன்று, தரையைத் தொடுமளவுக்கு நீண்டு வளைந்து விழும் சிறகின் உள்ளிறகுகள். ஜூலு அரசர்களுக்கு அவ்விறகு ராஜ சின்னம். ஷோசா மக்கள் போரில் பராக்கிரமம் காட்டிய வீரனுக்கு அதைச் சூட்டிக் கௌரவித்தார்கள். அந்தச் சம்பிரதாயத்தைப் பின்பற்றித்தான், நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் தன் மிக உயர்ந்த விருதுக்கு, கொக்கின் இறகைச் சூடியவர் எனப் பொருள்படும் பெயரை வைத்தது. 1955இல் கிளிப்டௌனில் கூடிய மக்கள் மகாசபையில் அது முதன்முதலாக ஆல்பர்ட் லுதுலிக்கும், டிரெவர் ஹடில்ஸ்டன் பாதிரியாருக்கும், இந்திய வம்சாவளியினரான டாக்டர் யூசுப் டாடூவுக்கும் வழங்கப்பட்டது.

இத்தனை பெருமை பெற்ற பறவை தன் பூர்வீகமான கிழக்குப் புல்வெளிகளிலிருந்து பெரும்பாலும் துரத்தப்பட்டுவிட்டது. அங்கே புல் இருந்த இடத்தில் காகித ஆலைகளுக்காகப் பைன் மரமும் தைல மரமும் வரிசை வரிசையாக நடப்பட்டன. திறந்த வெளியில் தொலைதூரம் பார்த்து வாழப் பழகிய பறவைக்கு மரநிழல் ஒரு சிறை. அதே காலத்தில் தென்மேற்கே ஓவர்பர்க், ஸ்வார்ட்லாண்ட் என்னும் பிரதேசங்களில் புதர்க்காடு அழிக்கப்பட்டுக் கோதுமை வயல்களாக விரிந்தபோது, யாரும் அழையாமலே கொக்குகள் அங்கே சென்று குடியேறின. அறுவடைக்குப் பின் சிந்திக் கிடக்கும் மணிகளும், ஆட்டு மந்தைகளுக்காகப் போடப்பட்ட மேய்ச்சல் நிலமும் அவற்றுக்குப் புதிய புல்வெளியாயின. வெறுந்தரையில் கூழாங்கற்களையும் ஆட்டுப் புழுக்கைகளையும் சேர்த்து வைத்து இரண்டு முட்டையிட்டு அங்கேயே பெருகின. ஒரு சுதேசி இயற்கை அழிந்ததனால் ஒரு சுதேசிப் பறவை பிழைத்தது என்னும் இந்த விபரீதத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று இயற்கை அன்பர்களே திகைக்கிறார்கள். பிழைப்பும் நிச்சயமானதன்று, விவசாயி நாளை கோதுமைக்குப் பதில் வேறு பயிரை நாடினால் கொக்கு மீண்டும் அகதி. ஆடுகளுக்காகக் கட்டிய தண்ணீர்த் தொட்டியில் தாகத்துக்குத் தலை நீட்டும் குஞ்சு உள்ளே விழுந்து, ஏறிவர வழியின்றி மூழ்கிப்போவதும் அந்தப் பக்கத்தில் கண்டறியப்பட்ட துன்பம். தொட்டிக்குள் ஒரு சாய்வுக் கல்லை வைத்தால் தீரக்கூடிய துன்பம் அது.

அவ்வளவு எளிதில் தீராதது மின்கம்பி. ஓவர்பர்க் பிரதேசத்து நீலக்கொக்குகளில் ஆண்டுக்குச் சுமார் 12 சதவீதம் மின்கம்பிகளில் மோதி மடிவதாக 2010இல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. இவ்வளவு கூர்மையான கண்ணுடைய பறவை பட்டப்பகலில் கம்பியில் மோதுவானேன் என்ற கேள்விக்கு, அதன் பார்வைப் புலத்தை அளந்தவர்கள் விடை கண்டார்கள். தரையிலுள்ள இரையைக் கொத்துவதற்கென அமைந்த கண் அது. பறக்கும்போது இறங்குமிடம் தேடியோ கூட்டாளிகளைத் தேடியோ அது தலையைச் சுமார் 35 பாகை கீழ்நோக்கிச் சாய்த்தாலே போதும், எதிரே இருப்பது எதுவும் அதற்குத் தெரியாது. கண்டம் முழுவதும் கம்பி என்பதே இல்லாமல் பல கோடி ஆண்டுகள் பறந்த வம்சத்துக்கு முன்னே பார்க்கவேண்டிய அவசியம் ஏது? தென்னாப்பிரிக்க மின்சார ஸ்தாபனமான எஸ்காம், அழியும் வனவிலங்கு அறக்கட்டளையோடு 1996இல் உடன்பாடு செய்துகொண்டு, கம்பிகளில் அசைந்து பளிச்சிடும் தகடுகளைத் தொங்கவிட்டு வருகிறது. அதனால் பலன் இல்லாமலில்லை. ஆனால் கம்பியோ மின்சாரம் எட்டாத குடிசைகளை நோக்கி நீண்டுகொண்டே போகிறது, போகவும் வேண்டும்.

நான்காவது இனத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு; இக்குடும்பத்தின் ஆப்பிரிக்கக் கிளையில் அதுவே மிகப் பெரியது, மிகக் கூச்சமுள்ளது, மிக மெதுவாகப் பெருகுவது. மோவாயிலிருந்து வெள்ளிறகு போர்த்த இரண்டு சதைத் தொங்கல்கள் ஆடுவதால் அதைத் தாடிக்கொக்கு என்று அழைக்கலாம். உயரம் 175 சென்டிமீட்டர் வரையில் போகும். எத்தியோப்பியாவின் பாலே மலைநாட்டில் தனித்துப் பிரிந்துபோன ஒரு சிறு கூட்டம் தவிர மற்றவை ஜாம்பியா, போட்ஸ்வானா, மொஸாம்பிக் முதலிய தெற்குத் தேசங்களின் வெள்ளச் சமவெளிகளில் வாழ்கின்றன. மொத்தம் பதினாயிரத்தை எட்டாது. அதில் பாதிக்கு மேல் ஜாம்பியாவில்.

மற்றப் பறவைகள் மழையைப் பார்த்தோ வெயிலைப் பார்த்தோ கூடு கட்டும். தாடிக்கொக்கு வெள்ளத்தைப் பார்த்துக் கட்டுகிறது. காஃபுயே ஆறு ஜாம்பியாவில் ஏறத்தாழ 6,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு தட்டையான வெளியைக் கடக்கிறது. சரிவே இல்லையென்று சொல்லத்தக்க அவ்வெளியில் மேற்கே புகுந்த நீர் கிழக்கே வெளியேற ஏறக்குறைய இரண்டு மாதம் பிடிக்கும். வெள்ளம் உச்சத்தை அடைந்து வடியத் தொடங்கும் சமயத்தில், ஜோடி ஒன்று ஆழம் குறைந்த நீரில் புல்லையும் கோரையையும் பிடுங்கிக் குவித்து மேடாக்கும். பிடுங்கிய இடமெல்லாம் மேட்டைச் சுற்றி அகழியாக நிற்கும். நீர் வடியும் வேகத்துக்கும் அடைகாக்கும் 35 நாட்களுக்கும் அதற்குள்ளே ஒரு கணக்கு இருக்கிறது: குஞ்சு வெளிவரும்போது அருகே நீர் வடிந்து, சேற்றில் கோரைக்கிழங்கும் நத்தையும் பூச்சியும் எட்டும் தூரத்தில் வெளிப்பட்டிருக்கவேண்டும், அதே நேரத்தில் பகை நடந்துவர முடியாதபடி வெளியே நீர் நிற்கவும் வேண்டும். வெள்ளம் வராத ஆண்டில் அது பெரும்பாலும் கூடே கட்டுவதில்லை. காஃபுயே வெளியில் 1970களின் தொடக்கத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சியில், நல்ல வெள்ளம் வந்த ஆண்டில் ஜோடிகளில் 40 சதவீதம் வரையில் கூடு கட்ட முற்பட்டதும், வெள்ளம் பொய்த்த ஆண்டில் அது 3 சதவீதமாகச் சுருங்கியதும் காணப்பட்டன.

அந்த வெளியின் கீழ்முனையில் காஃபுயே பள்ளத்தாக்கு அணை 1972இல் எழுந்தது; மேல்முனையில் இடெழி-டெழி அணை அடுத்த சில ஆண்டுகளில் எழுந்தது. ஜாம்பெசி நதியில் கரிபா அணை அதற்கு முன்பே கட்டப்பட்டுவிட்டது. 1974இல் மொஸாம்பிக்கின் கஹோரா பாசாவும் சேர்ந்துகொள்ள, கடலோரக் கழிமுகத்தின் மரோமெயு வெளி ஆண்டு வெள்ளத்தையே மறந்தது. மின்சாரத்துக்கு வேண்டியது பன்னிரண்டு மாதமும் ஒரே அளவாக ஓடும் நீர்; கொக்குக்கு வேண்டியது ஏறி இறங்கும் நீர். அணை கட்டியவர்கள் தண்ணீரைக் குறைக்கவில்லை, பருவத்தைக் குலைத்தார்கள். வறண்டிருக்கவேண்டிய மாதத்தில் நீர் உயர்ந்து கூடு மூழ்கியதும் உண்டு. வெள்ளம் கழுவாத காஃபுயே வெளியில் தொட்டாற்சுருங்கியின் உறவான அமெரிக்க முட்புதர் ஒன்று, லொச்சின்வார் பூங்காவில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரை ஆக்கிரமித்தது. சில ஆண்டுகளாக உள்ளூர் மக்களைக் கூலிக்கு அமர்த்தி அதைக் கையால் வெட்டி அகற்றும் பிரயத்தனம் நடந்துவருகிறது. அகற்றிய இடங்களில் கொக்குகளும் லெச்வே மான்களும் திரும்பிவந்து மேய்கின்றன.

தாடிக்கொக்கு இடுவது ஒரு முட்டை, சில வேளை இரண்டு. இரண்டிட்டாலும், முதற்குஞ்சு பொரித்ததும் தாயும் தந்தையும் அதை அழைத்துக்கொண்டு நடந்துவிடும். இரண்டாவது முட்டை கூட்டிலேயே குளிர்ந்து அழியும். அந்தக் குஞ்சு பறப்பதற்கு நான்கு மாதம் செல்லும். இவ்வளவு சிக்கனமாகப் பெருகும் உயிர் ஒரு தடவை குறைந்தால் மீள்வது எளிதன்று. தென்னாப்பிரிக்காவில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் 300க்கும் குறைவான தாடிக்கொக்குகளே மிஞ்சியிருந்தபோது, கைவிடப்படும் இரண்டாவது முட்டையை எடுத்துவந்து ஜோஹன்னஸ்பர்க் மிருகக்காட்சி சாலையின் உதவியோடு பொரிக்கச் செய்யும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. வளர்ப்பவர்கள் உடம்பு முழுவதையும் மூடும் வெள்ளை அங்கி அணிந்து, கையில் கொக்குத் தலை வடிவான பொம்மையை மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் குஞ்சுக்கு ஊட்டுகிறார்கள். மனித முகத்தைப் பெற்றோராகக் கருதி வளர்ந்த குஞ்சு வாழ்நாள் முழுவதும் தன் இனத்தோடு சேராது.

இடெழி-டெழி அணையைத் திட்டமிட்டவர்கள் இவற்றையெல்லாம் அறியாதவர்களல்லர். ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்தில் நான்கு வாரம், வினாடிக்கு 300 கன மீட்டர் வீதம் திறந்துவிட்டுக் கீழ்வெளியில் செயற்கை வெள்ளம் உண்டாக்குவதற்கென்றே அணையின் கொள்ளளவை அதிகமாக்கிக் கட்டினார்கள். ஆனால் அது இயற்கை வெள்ளத்தின் காலத்தோடும் அளவோடும் ஒத்துப்போகவில்லை. 2016இல் அவ்வணையின் அடியிலேயே 120 மெகாவாட் மின்நிலையம் ஒன்றும் வந்துவிட்டது. தேக்கிய ஒவ்வொரு கன மீட்டருக்கும் விலை ஏறிற்று. மின்சாரத்தில் பெரும்பகுதியை அணைகளிலிருந்தே பெறும் ஜாம்பியா, 2024இல் மழை பொய்த்து, நாளில் பெரும்பொழுது விளக்கின்றித் தவித்தது. அத்தகைய ஆண்டில், பறவை கூடு கட்டுவதற்காக மதகைத் திறவுங்கள் என்று லுசாகா நகரத்தில் யார் போய் நின்றாலும் எள்ளி நகையாடப்படுவார். அதே வெள்ளத்தை எதிர்பார்த்து, வடியும் நீரின் பின்னே மாடுகளை ஓட்டிச் செல்லும் ஈலா மக்களும், வெள்ளத்தோடு முட்டையிடும் மீனை நம்பிய செம்படவர்களும் அந்த வெளியில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கொக்கின் மனுவை அவர்கள் பெயரால் எழுதிக் கொடுப்பதே காரியத்துக்கு உகந்தது. கையொப்பமிட அவர்கள் தயங்கமாட்டார்கள்.